“தொங்கல் காம்பரா” குடும்ப அரட்டைக் குழுவில் பாடெல் பயிற்சி

*ஞாயிறு*

அக்கா (வத்தளை): தங்கச்சியும் தம்பியும் ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

டோஹா அண்ணன்: ஆட்டம் என்ன ஆச்சு?

தம்பி: அதை மட்டும் கேட்காதே அண்ணா

அக்கா: 6-0, 6-1. அந்த ஒன்று கூட அவர்கள் பாவம் பார்த்து விட்டது.

நான்: நாங்கள் தோற்றது அந்த ரெண்டு பேரிடம் இல்லை, கண்ணாடியிடம். பந்து என்னைத் தாண்டிப் போகிறது என்றாலே கை சும்மா இருக்கவில்லை. பாய்ந்து பாய்ந்து அடித்தேன். எல்லாம் வலைக்குள்.

டோஹா அண்ணன்: பாட்மின்டன் பழக்கம். அதில் கீழே விழுந்தால் கதை முடிந்தது. இதில் பந்து தரையில் ஒரு தடவை குத்தி, பின்கண்ணாடியில் பட்டு, உன்னிடமே திரும்பி வரும். ரெண்டாவது தடவை குத்தும் வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது. போகவிடப் பழக வேண்டும்.

சித்தப்பா: இது டென்னிஸா, ஸ்குவாஷா?

டோஹா அண்ணன்: ரெண்டும் கலந்தது சித்தப்பா. பேர் பாடெல். தளம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுற்றிலும் கண்ணாடியும் கம்பி வலையும். ரெண்டு ரெண்டு பேராக ஆடுவது. புள்ளி எல்லாம் டென்னிஸ் மாதிரி 15, 30, 40. மட்டையில் நரம்பு கிடையாது, ஓட்டை போட்ட பலகை மாதிரி இருக்கும்.

சித்தப்பா: 20க்கு 10 என்றால் 2,150 சதுர அடி வருகிறது. ஒரு குடும்பம் இருக்கிற காம்பரா அறை 10 அடிக்கு 12. ஆக 18 காம்பரா. நம்ம லய வரிசையே 12 காம்பரா தான். நாலு பேர் பந்து தட்ட இவ்வளவு இடமா?

அத்தை: 😂 இந்தக் கணக்கை எழுதி வை அண்ணே. ஓட்டுக் கேட்டு வருவார்கள் இல்லையா, அப்போது காட்டலாம்.

டோஹா அண்ணன்: இதில் வேடிக்கை என்னவென்றால், இடம் பத்தாமல் தான் இந்த விளையாட்டே பிறந்தது. 1969இல் மெக்சிகோவில், அகாபுல்கோவில், என்ரிக்கே கோர்குவேரா என்பவர் வீட்டில் டென்னிஸ் தளத்துக்கு இடம் போதவில்லை. சுவரை எழுப்பி, பந்து சுவரில் பட்டாலும் ஆட்டம் நடக்கும் என்று வைத்துக்கொண்டார்.

சித்தப்பா: அவருக்கும் இடம் போதவில்லையாம். சரி சரி.

அக்கா: அடுத்த ஆட்டம் மூன்று வாரத்தில். தளத்துக்குக் காசு கட்டியாச்சு. இந்தத் தடவை சாப்பாடு மட்டும் கட்டிக்கொண்டு திரும்பக் கூடாது.

நான்: டிக்கோயாத் தோட்டத்தில் கண்ணாடிக்கு எங்கே போவது?

தம்பி: தோட்டத்து ஆட்கள் கூடுகிற பிரட்டுக்களத்துச் சுவர் இருக்கிறதே

*திங்கள்*

டோஹா அண்ணன்: நன்றாகக் கேள். முதல் மூன்று நாள் மட்டையைத் தொடாதே.

டோஹா அண்ணன்: சுவரில் இருந்து மூன்று மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நில். பந்தைத் தரையில் குத்துகிற மாதிரி சுவர்ப் பக்கம் எறி. தரையில் பட்டு, சுவரில் பட்டு, உன்னைத் தாண்டி முன்னால் வரும். நீயும் அதோடு சின்ன அடியாக வைத்து நகர்ந்து கையால் பிடி. மேலே இருக்கும்போது பிடித்தால் கணக்கில்லை. இடுப்பு உயரத்துக்கு இறங்கிய பிறகு, உடம்புக்கு முன்னால் பிடிக்க வேண்டும். விடாமல் 20 பிடித்தால் தான் மட்டை.

தம்பி: கையால் பிடிப்பதா? இது சின்னப் பிள்ளை விளையாட்டு

டோஹா அண்ணன்: இங்கே பயிற்சியாளர் எங்களுக்கும் அதைத் தான் தந்தார். அன்று 20 பிடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு, வேர்வையில் குளித்துவிட்டேன். கை பிடித்த இடத்தில் மட்டை வந்தால் போதும், அடி தானாக வரும்.

நான்: நம்ம சுவர் சொரசொரப்பு. பந்து ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது.

டோஹா அண்ணன்: கண்ணாடியில் அப்படி ஆகாது. இதில் பழகினால் அது லேசாகத் தெரியும். முடிந்தால் சித்தப்பாவிடம் ஒரு ஆள் அகலத்துக்குப் பூசித் தரச் சொல்.

சித்தப்பா: சீமெந்து விலை தெரியுமா உனக்கு?

*புதன்*

நான்: நான் 20 பிடித்துவிட்டேன். தம்பி 11.

தம்பி: மழை ஈரம். சுவரில் பட்ட பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு விழுகிறது

டோஹா அண்ணன்: ஈரமான கண்ணாடியிலும் அப்படித் தான். அதையும் பார்த்து வை.

அத்தை: அது இருக்கட்டும். நேற்று அந்தி நேரத்தில் ரெண்டு பிள்ளைகளையும் இடுப்பில் கயிறு கட்டி யார் விட்டது? நான் பதறிப் போனேன். பக்கத்துக் காம்பராவில் என்ன சண்டை என்று கேட்கிறார்கள்.

நான்: அத்தை, அது அண்ணன் சொன்ன பயிற்சி 😂 மூன்று மீட்டர்க் கயிறு. நான் வலப்பக்கம் போனால் அவனும் வர வேண்டும், நான் முன்னால் போனால் அவனும் முன்னால். இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை விழுந்துவிடும், எதிராளி அதில் தான் அடிப்பான். போன தடவை பாதிப் புள்ளி அப்படித் தான் போனது.

தம்பி: அவள் இழுத்த இழுப்பில் நான் விழுந்தேன், அதையும் சொல்

அத்தை: முழங்காலில் மஞ்சள் போட்டாயா?

சித்தப்பா: துணிக்கொடியை ரெண்டு கம்பத்திலும் இறக்கிக் கட்டியிருக்கிறேன். வலை எவ்வளவு உயரம் என்றாய்?

டோஹா அண்ணன்: ஓரத்தில் 92 சென்டிமீட்டர், நடுவில் 88.

சித்தப்பா: அப்போது சரி. கொடி தானாகவே நடுவில் தொய்கிறது. அளந்து பார்த்தேன், 87. மேசன் வேலையில் ஒரு சென்டிமீட்டர் ஒரு கணக்கா?

*வெள்ளி*

தம்பி: எப்போது தான் ஸ்மாஷ் சொல்லித் தருவாய்?

டோஹா அண்ணன்: சொல்லித் தர மாட்டேன். நீ ஓங்கி அடித்தால் பந்து கண்ணாடியில் பட்டு அவர்களுக்கு வசதியாகத் திரும்பி வரும். உனக்கு வேண்டியது பந்தேஹா. ஸ்பானிஷில் தட்டு என்று அர்த்தம்.

அத்தை: சோற்றுத் தட்டா?

டோஹா அண்ணன்: தேத்தண்ணி கொண்டு வருகிற தட்டு அத்தை. தலைக்கு மேலே பந்து தூக்கி வந்தால் பக்கவாட்டில் திரும்பி, இடது கையால் பந்தைச் சுட்டிக்கொண்டு, வலது கையில் மட்டையைத் தட்டு ஏந்துகிற மாதிரி தோளுக்கு மேலே வைத்துக் காத்திருக்க வேண்டும். பிறகு பந்தைச் சீவி, ஆழமாக அனுப்ப வேண்டும். புள்ளி எடுக்க இல்லை, வலைக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்க. பந்தில்லாமல் இதை மட்டும் தினமும் 30 தடவை செய்.

தம்பி: பந்தில்லாமல், மட்டையில்லாமல், கயிறு கட்டி… நல்ல விளையாட்டு

டோஹா அண்ணன்: மட்டை என்றதும் ஞாபகம். மணிக்கட்டுக் கயிறு மாட்டாமல் ஆடக் கூடாது, அது விதி.

நான்: நேற்று அவன் மட்டை பறந்து அப்பாயியின் சம்பல் அம்மிக்குப் பக்கத்தில் விழுந்தது. அவனே சொல்லட்டும்.

*இந்தச் செய்தி அழிக்கப்பட்டது*

அத்தை: அப்பாயி வாசல் ஸ்தோப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இந்தப் பிள்ளை அடிக்கும்போது கையை முதுகுக்குப் பின்னாலே கொண்டு போறா. அப்படிக் கை போனா எங்கே கொழுந்து எடுக்கிறது. ரெண்டு கையும் முன்னாலேயே நிக்கணும். கண்ணு அடுத்த தேயிலைத் தூருக்குப் போயிடணும்.”

டோஹா அண்ணன்: அப்பாயிக்குப் பயிற்சியாளர் வேலை கொடுக்கலாம் ❤️ வலைக்குப் பக்கத்தில், பந்து தரையில் குத்தும் முன்பே அடிக்கிற வாலிக்கு இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது. தங்கச்சி, சுவரில் முதுகை ஒட்டி நில், தம்பி எதிரில் இருந்து பந்து எறியட்டும். கை பின்னால் போனால் மட்டை சுவரில் இடிக்கும்.

நான்: மட்டைக்கு என்ன ஆவது?

டோஹா அண்ணன்: அந்தப் பயத்திலேயே கை முன்னால் வரும்.

*செவ்வாய்*

நான்: எதிராளி தலைக்கு மேலே தூக்கி அடிக்கிற லாப் பழகினோம். வலையில் இருந்து 7 மீட்டரில் சாக்கு விரித்து, அதற்கு அந்தப் பக்கம் விழ வேண்டும் என்று வைத்தோம். 10இல் 6 விழுந்தது. ரெண்டு பந்து பின்சுவரையும் தாண்டித் தேயிலைக்குள் போய்விட்டது.

டோஹா அண்ணன்: சரியான அளவு. சர்வீஸ் கோடு வலையில் இருந்து 6.95 மீட்டர், அதற்குப் பின்னால் 3 மீட்டர் சொச்சம் தான் இருக்கிறது. ஆனால் ஒன்று: ஹட்டன் பக்கம் 1,200 மீட்டருக்கு மேலே. காற்று மெலிசு, பந்து கொழும்பைவிட வேகமாகப் போகும், கூடவும் துள்ளும். 500 மீட்டருக்கு மேலே துள்ளல் குறைந்த பந்தைப் பாவிக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது.

சித்தப்பா: துள்ளலை எப்படி அளப்பது?

டோஹா அண்ணன்: 2.54 மீட்டர் உயரத்தில் இருந்து கெட்டித் தரையில் விட்டால் 135 முதல் 145 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும்.

சித்தப்பா: இரு.

சித்தப்பா: ஏணி வைத்துச் சுவரில் கோடு போட்டுப் பார்த்தாச்சு. நீ பொங்கலுக்குக் கொண்டு வந்ததில் பிரிக்காத பந்து ஒன்றரை மீட்டரைத் தொடுகிறது. பழசு 125க்கே மூச்சு வாங்குகிறது.

டோஹா அண்ணன்: அப்போது அங்கே பழசில் பழகட்டும். கொழும்பில் கடலோரத்துக் காற்றில் புதுப் பந்து ஏறத்தாழ அந்த ரெண்டுக்கும் நடுவில் தான் இருக்கும். லாப்பை இன்னும் கொஞ்சம் பலமாகத் தூக்கச் சொல்.

நான்: அதனால் தான் வத்தளைக்காரர்கள் தலைக்கு மேலே எல்லாம் கட்டையாக விழுந்ததா!

அக்கா: இல்லை, நீ பயந்து தட்டினாய்.

*சனி*

அத்தை: ஒரு சங்கதி. இன்றைக்கு நிறுவையில் என் கொழுந்துக்குள்ளே இருந்து மஞ்சள் பந்து ஒன்று உருண்டு வந்தது. எல்லாரும் சிரிக்கிறார்கள். நிறுக்கிறவர் ‘பந்துக்கும் சேர்த்து எடையில் ஒரு கிலோ வெட்டவா’ என்கிறார்.

டோஹா அண்ணன்: அத்தை, பந்து 60 கிராம் கூட வராது!

அத்தை: அதை அவரிடம் சொல்லிப் பார். ஈரத்துக்கு வெட்டும்போது யார் கேட்டது?

சித்தப்பா: வெட்டினாரா?

அத்தை: கூடைக்கும் தண்ணிக்கும் வழமையாக வெட்டுவதை வெட்டினார். பந்துக்குப் புதுசாக இல்லை.

தம்பி: அத்தை, அந்தப் பந்து எங்கே? இங்கே ரெண்டு தான் மிச்சம். மற்றது எல்லாம் மலையில். தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் தான் கிடைக்கும் போல

அத்தை: அப்பாயி மடியில். 20 பிடிக்கிறவனுக்குத் தான் தருவாளாம்.

நான்: அவன் இன்னும் 17இல் நிற்கிறான்.

தம்பி: வெளியே மூடுபனி. பந்தே தெரியவில்லை

அத்தை: அப்பாயி சொல்கிறாள், அவளுக்குத் தெரிகிறதாம். வரச் சொல்கிறாள்.