பாட்டில் மெஷினும் பல்லாங்குழியும்: ஓ பேர் நாட்களில் பிள்ளைகளோடு விளையாடியது

காவிரிக்கரை:

ஓ பேர் என்றால் வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். அப்படி ஓ பேராகப் போனவர்கள், வீட்டில் ஓ பேர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளோடு விளையாடியதில் அவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள், நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள்? முதலில் நான் சொல்லிவிடுகிறேன்.

2023 செப்டம்பரில் தஞ்சாவூரிலிருந்து ஜெர்மனியில் இருக்கும் எர்ஃபுர்ட்டுக்குப் போனேன். நான் தங்கிய வீட்டுப் பையனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவன் தங்கைக்கு மூன்று வயது. வாரத்துக்கு 30 மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கூடவே கொஞ்சம் வீட்டு வேலை. தங்க இடமும் சாப்பாடும் போக மாதம் 280 யூரோ கைச்செலவுக்குக் கொடுப்பார்கள். என் ஜெர்மன் வெறும் ஏ1, அதாவது தொடக்க நிலை அளவுதான்.

முதல் இரண்டு வாரம் நான் செய்தது முழுக்கத் தப்பு. ஊரில் டியூஷன் எடுத்த பழக்கத்தில் ஒரு நோட்டு வாங்கி, சின்னவளை உட்கார வைத்து எழுத்து எழுதச் சொன்னேன். மூன்றாம் நாள் நோட்டைப் பார்த்ததுமே மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அவள் அம்மா கோபப்படவில்லை. "எழுத்தெல்லாம் பள்ளிக்கூடம் போனதும் வரும். நீ அவளோடு விளையாடு, பேசு, அது போதும்" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. விளையாடுவதை ஒரு வேலை என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

அப்புறம் பாட்டில்கள் வந்தன. அங்கே ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் தண்ணீர், ஜூஸ் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் உண்டு. காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் சீட்டு வரும், பில் போடும்போது அதைக் கழித்துக்கொள்வார்கள். சனிக்கிழமை காலையில் பையையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போவோம். சின்னவள் பாட்டிலை உருட்டிவிடுவாள், பெரியவன் எண்ணுவான். சீட்டு எடுக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் எவ்வளவு வரும் என்று சொல்ல வேண்டும், அதுதான் ஆட்டம். நாலு பாட்டில் ஒரு யூரோ என்பதை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். பதினோரு பாட்டில் போட்ட அன்று கண்ணை மூடி, விரலை மடக்கி, "இரண்டு எழுபத்தைந்து" என்றான். சீட்டிலும் 2.75 வந்தது. கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

ஆனால் அதே பையனின் கணக்கு நோட்டு முழுக்கச் சிவப்பு மை. ஜெர்மன் மொழியில் 34 என்பதை "நாலும் முப்பதும்" என்றுதான் சொல்வார்கள். காதில் நாலு முதலில் விழுவதால் கை 43 என்று எழுதிவிடும். நிறையப் பிள்ளைகளுக்கு இந்தத் தடுமாற்றம் உண்டு, 'ட்சாலென்ட்ரேயர்' என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எனக்கே அது பிரச்சினை.

அவர்கள் வீட்டில் மரத்தால் செய்த ஒரு விளையாட்டு மளிகைக் கடை இருந்தது. அவன் கடைக்காரன், நான் வாடிக்கையாளர், காசு மட்டும் நிஜக் காசு. ஒரு நாள் ஆப்பிளுக்கு "நாலும் முப்பதும்" என்றான். நான் நாலு பத்து சென்ட் காசும் மூன்று ஒரு சென்ட் காசும் எடுத்து வைத்தேன், நடிப்பில்லை, நிஜமாகவே அப்படித்தான் காதில் விழுந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளி, மூன்று பத்து சென்ட்டை ஒரு வரிசையாக வைத்தான், பக்கத்தில் நாலு சின்னக் காசு. "நாலுன்னு முதல்ல கேட்கும். ஆனா பெரிய காசைத்தான் முதல்ல வைக்கணும். அது வர்ற வரைக்கும் நீ காத்திரு" என்று அவன் பாஷையில், டீச்சர் மாதிரி, மெதுவாகச் சொன்னான்.

அன்றிலிருந்து அவனுக்கு அந்தக் குழப்பம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதும்போது பென்சிலைத் தூக்கிப் பிடித்து ஒரு நொடி நிற்பான், பெரிய காசுக்காகக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். பாஷை சரியாகத் தெரியாத ஒரு பெரிய ஆள் பக்கத்தில் இருப்பது குழந்தைக்கு எவ்வளவு நல்லது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க, அவனுக்கே அது பதிந்தது.

எர்ஃபுர்ட் இருக்கும் அதே துரிங்கியா மாநிலத்தில்தான் பாட் பிளாங்கன்புர்க் என்ற சின்ன ஊர் இருக்கிறது. ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் 1840-ல் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தது அங்கேதான். அவர் பிள்ளைகளுக்காக உருவாக்கிய பொருட்களில் ஒன்று எட்டுச் சின்னக் கட்டைகளாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம். பிரி, சேர், நாற்காலி செய், படிக்கட்டு செய், அவ்வளவுதான். நம் ஊரில் அதே பெயரை வைத்துக்கொண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறோமே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

எடிசன் அம்மா:

காவிரிக்கரை, மேசைக்கடியில் ஒளிந்த குழந்தையைப் படித்ததும் என் மகள் ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் ஓ பேர் வைத்திருந்த குடும்பம், நியூ ஜெர்சி. கொலம்பியாவிலிருந்து வந்த பெண். என் மகளுக்கு அப்போது நாலு வயது.

மகளுக்குத் தமிழ் புரியும், பேச மாட்டாள். நானும் விடாமல் ஆப்பிளைக் காட்டி, "இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தப் பெண் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது மகள் ஸ்டூலில் ஏறி நின்று ஸ்பானிஷில் "மாஸ் ஆகுவா" என்றாள். இன்னும் தண்ணீர் ஊற்று என்கிறாள். கொஞ்சம் ஊற்றியதும் "போக்கிட்டோ, போக்கிட்டோ" என்று என் கையைப் பிடித்தாள். கொஞ்சமாம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு நாள் தமிழில் ஒரு வார்த்தை பேச வைக்க முடியவில்லையே! மனம் விட்டு அந்தப் பெண்ணிடமே கேட்டேன், எப்படிச் சொல்லிக்கொடுத்தாய் என்று. அவள் சொன்னது: "நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சோள மாவில் அரேப்பா சுடும்போது பக்கத்தில் நிற்பாள். தண்ணீர் வேண்டும் என்று நான் கேட்பேன், அவள் ஊற்றுவாள். இதற்குப் பெயர் என்ன என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை."

அன்றோடு என் கேள்விகளை நிறுத்தினேன். "அந்தக் கரண்டிய எடும்மா, தட்டு மேல வை, சூடு, ஊது" என்று வேலையோடு வேலையாகப் பேச ஆரம்பித்தேன். ஒரு நாள் அந்தப் பெண் வாசலில் சாக்பீஸால் கட்டம் போட்டாள். பார்த்தால் நம் பாண்டி! அவர்களும் சில்லு எறிந்து நொண்டி அடிக்கிறார்கள். போகும்போது ஸ்பானிஷில் எண்ணினார்கள், திரும்பி வரும்போது தமிழில் எண்ணலாம் என்று நானும் சேர்ந்துகொண்டேன். என் மகள் வாயிலிருந்து தமிழ் எண்கள் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக வந்தது அங்கேதான், ஒற்றைக் காலில்.

மடிப்பாக்கம் மீரா:

படிக்கவே ஆசையாக இருக்கிறது அக்கா. எனக்குக் கிடைத்தது வேறு மாதிரி. நானும் ஜெர்மனிதான், ஊர் சொல்லவில்லை. முதல் வீட்டில் ஜன்னல் துடைப்பது, மாடிப்படி கழுவுவது, எல்லோர் துணியும் இஸ்திரி போடுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. நான் வேலை முடிக்கும் வரை குழந்தை டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் அது கட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரும்போது எனக்கு உட்காரக்கூடத் தெம்பிருக்காது. "நாளைக்கு விளையாடலாம்" என்று எத்தனை தடவை சொன்னேனோ, அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஏஜென்சியிடம் பேசி வீடு மாறினேன். இரண்டாவது வீட்டில் மணிக்கணக்கு எழுதிவைத்தே நடந்துகொண்டார்கள். அங்கே செய்தது பெரிதாக ஒன்றுமில்லை, காய்ந்த துணியில் சாக்ஸ் ஜோடி சேர்ப்பதுதான். இரண்டரை வயதுப் பையன். பெரிசு அப்பாவோடது, சின்னது என்னோடது, ஒற்றையாக நிற்பது 'அழுகிற சாக்ஸ்'. ஜோடி கிடைத்தால் அது சிரிக்கும். வாஷிங் மெஷின் நின்ற சத்தம் கேட்டாலே ஓடி வருவான்.

எடிசன் அம்மா:

மீரா, மனசு கஷ்டமாக இருக்கிறது. குடும்பங்கள் சார்பில் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் ஓ பேர் வேலைக்கு ஒரு நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 45 மணி என்று உச்சவரம்பு இருக்கிறது. நாங்கள் 45 மணியையும் நிரப்பிய வாரங்கள் உண்டு. அந்த வாரங்களில் வாசலில் பாண்டிக் கட்டம் போட்டதாக எனக்கு நினைவே இல்லை. அவள் ஓய்ந்து போயிருந்தாள், நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

காவிரிக்கரை:

மீரா, அழுகிற சாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது குழந்தைகள் காப்பக ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறேன், அடுத்த வாரமே செய்து பார்ப்பேன்.

பல்லாங்குழியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நவம்பர், ஞாயிற்றுக்கிழமை, மழை, கடைகளும் கிடையாது. பிள்ளைகள் பூங்காவில் பொறுக்கிய கஷ்கொட்டை (செஸ்ட்நட்) ஒரு வாளி நிறைய இருந்தது. அங்கே முட்டை அட்டை பத்துக் குழியோடு வரும், வரிசைக்கு ஐந்து. இன்னொரு அட்டையிலிருந்து நாலு குழி வெட்டி ஒட்டினால் பதினாலு. ஆனால் ஒரு குழியில் ஒரு கஷ்கொட்டைக்கு மேல் அடங்கவில்லை. துருக்கிக் கடையில் வாங்கிய கொண்டைக்கடலை வீட்டில் இருந்தது, குழிக்கு ஐந்தாக எழுபது எண்ணி வைத்தோம். சின்னவள் மூக்கில் போட்டுக்கொள்வாளோ என்று பயம், அதனால் அவளுக்குக் கஷ்கொட்டையும் ஒரு பாத்திரமும். ஓ பேராகப் போகிறவர்கள் இதில் கவனமாக இருங்கள்.

விளையாடும்போது ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். அது என்ன வார்த்தை என்று கேட்டான். மாடு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "மாட்டுக்கு நாலு கால், அதனாலயா?" என்றான். சின்ன வயதிலிருந்து ஆடுகிறேன், எனக்கு அது தோன்றியதே இல்லை.

போன மாதம் வீடியோ காலில் வந்தார்கள். சின்னவளுக்கு இப்போது ஐந்து வயது. அட்டை மாறியிருந்தது, கடலை அதேதான். போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, எனக்குப் பதிலாக அண்ணனே என் காய்களையும் நகர்த்தினான். நடுவில் சின்னவள் "பசு!" என்று கத்தி, நாலு கடலையையும் அள்ளித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.