புதுப்பிப்பு: காத்திருந்து ஜெபிக்கப் பொறுமை இல்லை என்று கேட்டிருந்தேன்

மூன்று மாதம் முன்பு, வேலை தேடல், அம்மாவின் முழங்கால் வலி, அடிக்கடி நின்றுபோகும் பைக் என்று எல்லாம் சேர்ந்து அழுத்துகிறது, கர்த்தரை நம்பிக் காத்திருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விடியற்காலை ஒரு மணி நேர ஜெபம் எனக்கு ஒத்துவரவில்லை; நான்காம் நாளே முழங்காலில் இருந்தபடி தூங்கிவிட்டேன். கைகொடுத்தது, கவலையைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம் பைபிளில் உள்ள 13-ஆம் சங்கீதத்தை (ஜெபப் பாடல்) வாசிக்கச் சொன்ன யோசனைதான். மொத்தமே 6 வசனம். அதில் முதல் 2 வசனத்துக்குள்ளேயே "எதுவரைக்கும்" என்ற கேள்வி 4 முறை வருகிறது. பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நினைத்திருந்த எனக்கு, கடவுளிடமே முறையிடலாம் என்பது பெரிய நிம்மதி. சண்டை மாதிரி ஆரம்பித்தாலும், கடைசி வசனத்துக்கு வரும்போது குரல் இறங்கிவிடுகிறது.

எதிர்பாராத ஒன்று: போன வாரம் நோட்டைப் புரட்டினால், பழைய கவலைகளில் பாதி என்னவென்றே நினைவில்லை. மூன்று பக்கம் புலம்பிய ஒரு விஷயம் எப்போதோ சரியாகியிருந்தது; நன்றி சொல்லக்கூட மறந்திருக்கிறேன்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு வலி கொஞ்சம் பரவாயில்லை. பைக்கைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பேட்டரிதான், மாற்றிவிட்டேன்.