எட்டே மாதத்தில் மொட்டையான சோபா உறை: புசுபுசுத் துணி எல்லாமே இப்படித்தானா?

பூனைவீடு:
சோபாவுக்கு செனில் என்ற புசுபுசுத் துணியில் உறை வாங்கினேன். அட்டையில் பச்சை இலை படம் போட்டு, ‘மறுசுழற்சி இழை, சூழலுக்கு உகந்தது’ என்று எழுதியிருந்தது. எட்டே மாதம்தான். நான் வழக்கமாக உட்காரும் ஓரம் வழுக்கையாகி அடிநூல் தெரிகிறது. கறுப்பு பேன்ட் போட்டு உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் முழுக்கப் பழுப்புத் தூசு. லேபிளைத் தேடிப் பிடித்துப் படித்தேன்: பாலியஸ்டர் 62, அக்ரிலிக் 21, பருத்தி 12, விஸ்கோஸ் 5. இந்த நாலையும் பிரித்து யார் மறுபடி நூலாக்கப்போகிறார்கள்?

ஆனால் என்னிடம் வரிவரியாக மேடு நிற்கும் கார்டுராய் சட்டை ஒன்று பதினோரு வருடமாக இருக்கிறது. முழங்கையில் மட்டும் வரி தேய்ந்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் அப்படியே. அதுவும் புசுபுசுதானே? அடுத்த உறை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? ‘வழவழ துணியே எடுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கைக்கு ஒன்றும் தட்டுப்படாத துணியில் எனக்கு உட்காரப் பிடிக்காது.

பாவும்ஊடையும்:
பதினெட்டு வருடம் துணி சோதிக்கும் மேசையில் இருந்தவன் சொல்கிறேன். அந்த உறையிலிருந்து இரண்டு அங்குல நூலை உருவிப் பாருங்கள். நடுவில் இரண்டு மெல்லிய நூல் முறுக்கியிருக்கும். அந்த முறுக்குக்கு இடையில் குட்டை இழைகள் குறுக்கே நிற்கும், பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி. முறுக்கு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுதான் பிடிமானம். சில ஆலைகளில் நடுவே குறைந்த சூட்டில் உருகும் நைலான் இழை சேர்த்து, சூடுகாட்டி ஒட்டவைப்பார்கள். அது அவ்வளவாகக் கொட்டாது. ஆனால் கலவையில் இன்னொரு இழை கூடிவிடும், அது வேறு தலைவலி.

கார்டுராயில் கதையே வேறு. கூடுதலாக ஒரு ஊடை, அதாவது குறுக்கு நூல், ஓட்டி, அது மேலே மிதக்கும் இடத்தில் வெட்டுவார்கள். வெட்டுப்பட்ட முனைதான் நீங்கள் தடவும் வரி. அந்தக் கொத்து ஒரே ஒரு பாவு நூலில் (நீளவாக்கில் ஓடும் நூல்) தொங்கினால் உருவிக்கொண்டு வரும். மூன்று நூலுக்குள் மேலும் கீழும் புகுந்து வந்திருந்தால் லேசில் அசையாது. உங்கள் சட்டை இரண்டாவது ரகமாக இருக்கும்.

அதனால் துணி எந்த இழை என்பதோடு, அந்த மேடு எப்படி நிற்கிறது என்றும் கேளுங்கள். எனக்குப் பிடித்தது சீர்சக்கர் என்ற சுருக்கத் துணி. பாவில் ஒரு பட்டை இறுக்கமாக, அடுத்த பட்டை தளர்வாக. தளர்ந்தது தானே சுருங்கி எழும்பும். கூடுதல் பஞ்சு இல்லை, இஸ்திரி பெட்டியும் வேண்டாம். சோபாவுக்குக் கொஞ்சம் மெல்லிசு, அதையும் சொல்லிவிடுகிறேன். தேன்கூடு போல் குழி விழும் நெசவில் தடித்த நூல் கிடைத்தால் எடுங்கள். முழுக்கப் பருத்தியாகப் பார்த்து எடுத்தால், கடைசியில் கிழித்துப் பஞ்சாக்கவும் சிக்கல் குறைவு. இழை குட்டையாகும், அதனால் புதுப்பஞ்சு கலந்துதான் நூற்க முடியும்.

ஊசிமுனை:
‘மறுசுழற்சி’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாட்டிலை உருக்கி எடுத்த பாலியஸ்டரும் பாலியஸ்டர்தான், உதிர்வதில் சலுகை கிடையாது. குளிருக்குப் போடும் புசுபுசு ஃப்ளீஸ் துணியின் மேற்பரப்பைக் கம்பி உருளையால் சீவித்தான் அந்த மென்மையைக் கொண்டுவருகிறார்கள். சீவியதில் அறுந்த இழை ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் போகும். 2011-ல் மார்க் பிரவுன் குழு வெளியிட்ட ஆய்வில், ஒரே உடை ஒரு சலவையில் 1,900-க்கும் மேற்பட்ட இழைகளை உதிர்க்கலாம் என்று கண்டார்கள். உறையை அடிக்கடி துவைக்காமல் வேக்குவம் போடுங்கள். துவைத்தால் குளிர்ந்த நீர், மெஷின் நிறையத் துணி.

அப்புறம், கடையில் மார்ட்டின்டேல் எண் கேளுங்கள். கம்பளித் துணியால் தேய்த்து எத்தனை சுற்று தாங்குகிறது என்ற கணக்கு. தினமும் உட்காரும் சோபாவுக்கு 20,000-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. பூனை நகத்துக்கு அதில் கணக்கு இல்லை. தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி வளையம் வளையமாக நிற்கும் பூக்லே பக்கம் போகவே போகாதீர்கள். வளையம் இழுபட்டுவிட்டால் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது, கத்தரியால் நறுக்க வேண்டும்.

பூனைவீடு:
உருவிப் பார்த்தேன். பிரஷேதான்! நகத்தால் ஒரு தடவை வழித்ததும் கையில் பஞ்சு, மேசையில் வெறும் நூல். சரி, முதுகுப் பக்கத் துணி இன்னும் புதுசாகவே இருக்கிறது. அதை வெட்டி நாற்காலிக்குத் தைக்கலாமா? வெட்டின ஓரம் கொட்டுமே?

ஊசிமுனை:
கொட்டும். அதனால் முதலில் தையல், பிறகு கத்தரி. வெட்ட வேண்டிய கோட்டின் இரண்டு பக்கமும் நெருக்கமாகத் தையல் ஓட்டிவிட்டு நடுவே வெட்டுங்கள். ஓரத்துக்கு நாடா மடித்துத் தையுங்கள். யாரும் அதிகம் உட்காராத நாற்காலியாகப் பார்த்துப் போடுங்கள்.

பூனைவீடு:
அந்த நாற்காலியில் பூனைதான் உட்காரும்.