தெருப் பூனைக்கு வைக்கும் தீனியை ராத்திரியில் தின்பது எது?

வால்முனை: குடியிருப்பின் பின்பக்கம் நான்கு தெருப் பூனைகளுக்கு இரவு 8 மணிக்கு உலர் தீனி வைக்கிறோம். விடிந்து பார்த்தால் கிண்ணம் காலி, பூனைகளோ பசியில் கத்துகின்றன. குப்பைத்தொட்டி கவிழ்ந்து எலும்பெல்லாம் சிதறிக் கிடக்கிறது. மரநாய் என்கிறார்கள், நரி என்கிறார்கள். எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? பூனைகளைப் பட்டினி போடாமல் அதன் வரவை நிறுத்த வழி உண்டா? எலி மருந்து வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

மணல்தடம்: தடம் பாருங்கள். கிண்ணத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சலித்த மணலை லேசாக நனைத்து, 1 செ.மீ. கனத்தில் பரப்புங்கள். மாவு வேண்டாம், அதையும் நக்கிவிடும். பூனைத்தடம் வட்டமாக, சுமார் 3 செ.மீ., நான்கு விரலோடு இருக்கும். நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் நகக்குறி விழாது. நரித்தடம் சற்று நீளம். விரல்களுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளிகள் தெரியும். ரக்கூன் (அமெரிக்கா போன்ற நாடுகளில் குப்பையைக் கிளறும் விலங்கு) உள்ள இடமென்றால் சின்னக் குழந்தையின் கை பதிந்ததுபோல் ஐந்து நீள விரல்கள். முன்காலில் நான்கு, பின்காலில் ஐந்து மெல்லிய விரல்கள், நடுவே வால் இழுபட்ட கோடு என்றால் பெருச்சாளி. கிண்ணம் துடைத்துவிட்டதுபோல் காலியாகிறதென்றால் என் சந்தேகம் முதலில் அதன்மேல்தான். மதில்மேல் பழக்கொட்டைகளோடு எச்சம் கிடந்தால் மரநாய். கீரியை விட்டுவிடுங்கள், அது பகலில் திரிவது.

அந்திவேளை: வருவது எதுவானாலும், இரவெல்லாம் தீனி கிடப்பதுதான் கோளாறு. நாளுக்கு அரை மணி வீதம் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். நான்கே நாளில் மாலை 6 மணிக்கு வந்துவிடும், பூனைகளும் பழகிவிடும். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளுக்கு ஏறக்குறைய 60 கிராம் உலர் தீனி. நான்குக்கும் 240 கிராமை இரண்டு வேளையாகப் பிரித்து, தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஒரே கிண்ணமென்றால் பலசாலி தின்றுவிட்டுப் போய்விடும். அரை மணியில் மிச்சத்தை எடுத்து, தரையைக் கூட்டிவிடுங்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும்.

எலும்பு, மீன்கழிவைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்து, குப்பை எடுக்கும் காலையில் வெளியே போடுங்கள். தொட்டியைக் கம்பத்தோடு கட்டி, மூடிக்கு மேல் ரப்பர் கொக்கிக்கயிறு மாட்டுங்கள். பலர் விட்டுவிடுவது அடியில் தேங்கும் கழிவுநீரை. மூடி இறுக்கமாக இருந்தாலும் அந்த வாடைக்கு வரும். கழுவும்போது கவனம்: பூனை மூத்திரம் இருந்தால் முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். மூத்திரத்தின் அம்மோனியாவோடு பிளீச்சிங் சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும்.

நாற்கால்: எலி மருந்துப் பேச்சைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இப்போது கிடைக்கும் பல மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தளர்ந்து திரியும். பூனைக்கு எளிதாகச் சிக்குவது அந்த எலிதான். பூனைக்கும் அறிகுறி 3 முதல் 5 நாள் கழித்தே தெரியும்: வெளுத்த ஈறு, சோர்வு, மூச்சுத்திணறல். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

கடியோ பிறாண்டலோ பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கடித்த விலங்குக்கு ரேபிஸ் (வெறிநோய்) இருக்கிறதா என்று 10 நாள் கண்காணிக்கும் வழக்கம் நாய், பூனைக்கு மட்டும்தான். அதற்காகக்கூடத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். நரி, மரநாய்க்கு அந்தக் கணக்கு செல்லவே செல்லாது.