நகரத்தோடு புதிதாகச் சேர்த்த தொழிற்பகுதிக்குக் குடிநீர்க் குழாய்: பட்டறைக்காரர்கள் கைப்பணம் கட்டலாமா?

கேள்வி: அவல் மில் நடத்துபவர்

வணக்கம். டெல்டாவில் ஒரு நகரத்தின் கிழக்கு எல்லையில் அவல் மில் நடத்துகிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. நாளைக்கு அதே அலுவலகத்துக்குத்தான் மனுவோடு போக வேண்டும். எங்கள் இடம் போன வருடம் வரை ஊராட்சி. இப்போது நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். லேத், அரிசி ஆலை, ஹாலோ பிளாக், கயிறு, ஐஸ் என்று சின்னதும் பெரிதுமாக 60 பட்டறைகள். எல்லாவற்றிலும் சேர்த்து 1,200 பேர் வேலை செய்கிறார்கள்.

என் மில்லில் 22 பேர், அதில் 15 பேர் பெண்கள். போர் தண்ணீரை இரவில் குடத்தில் பிடித்து வைத்தால் காலையில் மேலே செம்மண் நிறத்தில் ஏடு படிந்திருக்கும். அதைக் குடிக்க முடியாது. தினமும் 5 கேன் வாங்கி வைக்கிறேன். போன சித்திரையில் கேன் வண்டி இரண்டு நாள் வரவில்லை. அன்றைக்கு உலைப் பக்கம் நின்று அவல் வறுக்கும் அக்கா ஒருவர் மாலை நாலு மணிக்குத் தலை சுற்றி மூட்டை மேல் சாய்ந்துவிட்டார். காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்தான் குடித்திருந்தார். கேட்டால், "இருக்கிறது கொஞ்சம், மற்றவர்களுக்கும் வேண்டுமே" என்றார். அந்தச் சொல் இன்னும் என் காதில் நிற்கிறது.

சொத்து வரி புதிய விகிதத்தில் வந்துவிட்டது, கட்டியும் விட்டோம். குழாய் எப்போது என்று கேட்டோம். அருகிலுள்ள மேல்நிலைத் தொட்டி 2.8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதாம். இப்போதைக்கு நிதி இல்லை, பட்டறைக்காரர்கள் செலவை ஏற்றுக்கொண்டு வைப்புத்தொகை கட்டினால் 110 மில்லிமீட்டர் குழாய் போட்டுத் தருவோம் என்கிறார்கள். ஆளுக்கு 40,000 ரூபாய் வருகிறது. பாதிப் பேர் கட்டலாம் என்கிறார்கள், பாதிப் பேர் வரி வாங்குகிறவர்கள்தான் போட வேண்டும் என்கிறார்கள். நான் கட்டிவிடலாம் என்ற பக்கம். கட்டுவதற்கு முன் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பிளாஸ்டிக் குடம் தயாரிப்பவர்

அவசரப்படாதீர்கள் அம்மா. நாங்கள் 4 வருடத்துக்கு முன் டெல்டாவிலேயே வேறு ஓர் ஊரில் இப்படிக் கட்டினோம். குழாய் போட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். சோதனை ஓட்டத்தன்று எல்லோருக்கும் தண்ணீர் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து சாலை முனையில் உள்ள முதல் எட்டுப் பட்டறைகளோடு நின்றுவிட்டது. அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினார்கள். கடைசி வரிசையில் இருந்த எனக்குக் காற்றுதான் வந்தது. காற்று வேகமாக வரும்போது மீட்டர் முள் கிறுகிறுவென்று சுற்றும். அதை நின்று பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்கும் சேர்த்துத்தான் கட்டணச் சீட்டு வந்தது.

எந்த வரிசையில் எவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் வரும் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற குடிநீர்ப் பணி ஓவர்சியர்

சகோதரி, 31 வருடம் குழாயும் வால்வுமாக இருந்தவன் எழுதுகிறேன். உங்கள் பகுதி குழாய்க்குக் கடைமடை. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கல்லணையில் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் கடைமடைக்காரன் நாற்று விடுவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் கண்ணால் தெரிந்த பிறகுதான் விடுகிறான். நீங்களும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். குளியலறை உள்ள தொழிற்சாலைக்கு ஆளுக்கு 45 லிட்டர் என்பதுதான் திட்டமிடும்போது வைக்கிற அளவு. 1,200 பேருக்கு ஒரு நாளைக்கு 54,000 லிட்டர். நகரத்தில் எல்லாத் தெருவுக்கும் விடுகிறாற்போல உங்களுக்கும் 2 மணி நேரத்தில் இதைத் தள்ள வேண்டுமானால் விநாடிக்கு 7.5 லிட்டர் ஓட வேண்டும். 110 குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். அந்த வேகத்தில் ஓடினால் உராய்வில் மட்டும் கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் அழுத்தம் கரையும். 2.8 கிலோமீட்டருக்கு 27 மீட்டர். நம் ஊர் மேல்நிலைத் தொட்டிகள் பெரும்பாலும் 12 முதல் 15 மீட்டர் உயரத் தூண்களில் நிற்பவை. மலையூர் என்றால் சரிவாவது கைகொடுக்கும். டெல்டா தாம்பாளம் மாதிரி சமதளம். தொட்டியின் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் அழுத்தம். பதினைந்து மீட்டரை வைத்துக்கொண்டு இருபத்தேழு மீட்டரை எப்படிச் செலவு செய்வது? மேலே எழுதிய நண்பருக்குக் காற்று வந்த காரணமும் இதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, 160 குழாய். அதே ஓட்டத்துக்கு 2.8 கிலோமீட்டரில் நாலரை மீட்டர்தான் போகும். செலவு கூடும். இரண்டாவது வழியைத்தான் நான் சொல்வேன். 110 குழாயே இருக்கட்டும், ஆனால் நகரம் தூங்குகிற நேரத்தில் 8 மணி நேரம் மெதுவாக விடச் சொல்லுங்கள். ஓட்டம் கால்வாசியானால் உராய்வு பதின்மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 27 மீட்டர் இழப்பு 2 மீட்டருக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரை உங்கள் பகுதியிலேயே ஒரு பொதுத் தரைத்தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து உங்கள் சொந்தச் சிறு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, பகலில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். 75,000 லிட்டர் தரைத்தொட்டி போதும். பட்டறை இணைப்புகள் எல்லாம் அந்தச் சிறு தொட்டியிலிருந்துதான் கிளம்ப வேண்டும்; வரும் வழியில் 2.8 கிலோமீட்டருக்கும் ஒரு இணைப்பும் தரக் கூடாது. இந்த நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் வழியெல்லாம் ஓட்டை போட்டிருப்பார்கள்.

அதற்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பழைய தொட்டியில் உங்களுக்குத் தர மிச்சம் இருக்கிறதா என்பது. கொள்ளளவு எவ்வளவு, இப்போது எத்தனை இணைப்பு, ஒரு நாளில் எத்தனை முறை நிரம்புகிறது என்பதெல்லாம் நீரேற்றுப் பதிவேட்டில் இருக்கும். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் எழுத்தில் தர வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களின் பதிவைக் குறிப்பாகக் கேளுங்கள். கொள்ளிடத்து மணலுக்குள் இருக்கிற கிணறுகளில் நீர் இறங்குவது அப்போதுதான். ஐப்பசிக் கணக்கைக் காட்டினால் எந்தத் தொட்டியும் நிறைந்துதான் தெரியும்.

நெல் ஊறப்போடுகிற தண்ணீரையும் ஐஸ் கட்டுகிற தண்ணீரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். புழுங்கல் அரிசி ஆலை ஒரு கிலோ நெல்லுக்கு ஒரு லிட்டருக்கு மேல் கேட்கும். நாளுக்கு 20 டன் ஓட்டுகிற ஒரே ஆலை 20,000 லிட்டரைக் குடித்துவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வது? தொழிலுக்கு போர் தண்ணீரே இருக்கட்டும். உங்கள் செம்மண் ஏடு இரும்புச் சத்து. தண்ணீரை உயரத்திலிருந்து தூவி விழ விட்டு, காற்றுப் பட வைத்து, மணல் வடிகட்டியில் விட்டால் பெருமளவு நின்றுவிடும். அவலின் நிறமும் தேறும்.

இன்னொன்று. நீண்ட குழாயில் ஞாயிறு முழுக்கத் தண்ணீர் நின்றால் திங்கள் காலை குளோரின் இருக்காது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஆர்த்தோடோலிடின் கரைசல் சின்னப் புட்டியில் கிடைக்கும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சில சொட்டு விட்டால் எலுமிச்சை நிற மஞ்சள் வர வேண்டும். நிறமே மாறாமல் வெள்ளையாக நின்றால் அதை யாருக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள். என் பணிக்காலத்தில் ஒரு தெருவில் இப்படி நிறம் மாறாத தண்ணீரைப் பார்த்துவிட்டு வால்வை மூடினேன். தோண்டிப் பார்த்தபோது இணைப்பு விட்டுப்போய் சாக்கடைக்குள் குழாய் கிடந்தது. தண்ணீர் நிற்கிற நேரத்தில் குழாய் உறிஞ்சும், அதை மறக்கக் கூடாது. சாக்கடையை ஒட்டிக் குழாய் போட அனுமதிக்காதீர்கள்.

நம் களிமண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். குழாய்க்கு அடியில் ஒரு சாண் ஆற்றுமணல் படுக்கை வேண்டும், மேலே ஒரு மீட்டர் மண் வேண்டும். நெல் லாரி போகிற சாலை அது. மூடுவதற்கு முன் நீங்களே போய் அளந்து பாருங்கள்.

பதில் 3: வாய்க்கால் கரை விவசாயி

உங்கள் பகுதியைப் போலவே நகரத்தோடு சேர்த்த ஓர் ஊரில் எனக்கு மூன்று ஏக்கர். பட்டறைகளில் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருப் பெண்கள்தான். ஆகையால் குழாய் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

குழாய் வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் தோண்டிப் போகச் சோம்பிவிட்டு, பாலத்துக் கண் வழியாகவே குழாயைச் செருகிவிட்டார்கள். கண்ணின் அகலம் மூன்றடி. அதில் குழாயும் அதைத் தாங்கும் கம்பியும் போக மிச்சத்தில் ஆகாயத்தாமரை வந்து சிக்கியது. கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாமல், நட்டு முப்பது நாள் ஆன சம்பா ஐந்து நாள் முழுகிக் கிடந்தது. வயலில் இறங்கிப் பயிரைப் பிடித்தால் தோகை கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த வாடையை என்னால் எழுத்தில் சொல்ல முடியாது.

வாய்க்கால் படுகைக்குக் கீழேதான் குழாய் போக வேண்டும். அதற்கும் காலம் இருக்கிறது. மேட்டூர் ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். நடுவில் வாய்க்கால் காய்ந்திருக்கும் மாதங்களில் வேலையை முடிக்க வேண்டும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், ஆகவே சித்திரைக்குள் முடிப்பதாகத் திட்டம் போடுங்கள். நீர்வளத் துறையின் அனுமதிக்கு இப்போதே எழுதினால்தான் மாசியில் கடப்பாரையை எடுக்க முடியும்.

ஓவர்சியர் ஐயா 54,000 லிட்டர் வரும் என்கிறார். வந்த தண்ணீரில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவாக வெளியே வரும் என்றுதான் அரசுக் கணக்கே வைக்கிறார்கள். அந்த 43,000 லிட்டர் எங்கே போகும்? பாதாளச் சாக்கடை இருக்கிறதா? இல்லையென்றால் யாரோ ஒருவருடைய வடிகாலுக்குத்தான் வரும். அதையும் சேர்த்துக் கேளுங்கள் அம்மா. வழியில் யாருக்கும் இணைப்பு வேண்டாம் என்று ஐயா சொன்னதில் எனக்கு வருத்தம். பட்டறைக்குப் போகிற குழாய் எங்கள் வாசல் வழியாகப் போகும்போது தெருவில் ஒரு பொதுக் குழாய்கூட இல்லை என்றால் மனிதர்கள் எப்படிச் சும்மா இருப்பார்கள்?

பதில் 4: ஓய்வுபெற்ற குடிநீர்ப் பணி ஓவர்சியர்

விவசாயி சொன்னது நியாயம். என் சொல்லை மாற்றிக்கொள்கிறேன். அந்தத் தெருவுக்கும் உங்கள் சிறு தொட்டியிலிருந்தே தனிக் கிளை ஒன்று திரும்பிப் போகட்டும். தரைத்தொட்டியை அதற்கேற்பப் பெரிதாகக் கட்டுங்கள். நடுவழியில் ஓட்டை போடுவதைவிட இது இரண்டு தரப்புக்கும் நல்லது.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இதை அச்செடுத்து ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வரிவரியாகப் படித்தேன். கட்ட மாட்டோம் என்றவர்களில் சிலர் தரைத்தொட்டி என்றால் சம்மதம் என்கிறார்கள். தகவல் மனு நேற்றுப் பதிவுத் தபாலில் போய்விட்டது. வாய்க்கால் கடப்பைப் பற்றித் தனி மனு எழுதுகிறோம், அதில் எங்கள் பக்கத்து விவசாயிகளும் கையெழுத்துப் போடுகிறார்கள். கழிவுநீருக்கு எங்களிடம் இன்னும் விடையில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. 40,000 ரூபாயை எழுத்தில் பதில் வரும் வரை யாரும் கட்டுவதாக இல்லை.

ஓவர்சியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எடைமேடைக்குப் பின்னால் குளக்கரையை ஒட்டிப் பொது இடம் காலியாக இருக்கிறது. தரைத்தொட்டியை அங்கே கட்டலாமா?

பதில் 5: ஓய்வுபெற்ற குடிநீர்ப் பணி ஓவர்சியர்

குளக்கரை வேண்டாம் சகோதரி. கார்த்திகையில் அங்கே இரண்டடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். கழுவுவதற்காகத் தொட்டியைக் காலி செய்தால் அடியிலிருந்து தண்ணீர் முட்டி, காலிப் படகு மாதிரித் தொட்டியே மேலே கிளம்பிவிடும். சுவர் பிளந்ததைப் பார்த்திருக்கிறேன். மேட்டுப் பக்கம் ஏதாவது இடம் கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் அடித்தளத்தைக் கனமாகப் போடச் சொல்லி, பாதி ஆழத்தைத் தரைக்கு மேலே எடுங்கள். கழுவுவதை எப்போதும் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் வந்ததும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.