நீர் மூலக்கூறு வளைந்ததா? 'கவைவடிவம்' என்றொரு சொல்

வணக்கம்.

மூலக்கூறுகளின் வடிவங்களைச் சொல்ல நாம் எழுதும் நேர்கோடு, முக்கோணத் தளம், நான்முகி, கூம்பகம் ஆகிய சொற்களில் எனக்குக் குறையில்லை. நீர் மூலக்கூறை மட்டும் 'வளைந்த வடிவம்' என்று எழுதுவதை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு மாணவியின் ஏட்டைப் பார்த்தபோதுதான் இது உறைத்தது. நடுவில் ஆக்சிஜன், இரு முனையிலும் ஹைட்ரஜன். மூன்றையும் ஒரே இழுப்பில் வில் மாதிரி இணைத்திருந்தாள். அவள்மேல் தப்பே இல்லை. வில் வளையும், நாணல் வளையும், ஆறு வளையும். தமிழில் வளைவு என்றால் அதுதானே? நீரிலோ இரண்டு பிணைப்புகளும் நேரானவை. ஆக்சிஜனில் தொடங்கி 104.5 பாகை விரிந்து பிரிகின்றன, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கார்பன் டைஆக்சைடு நேர்கோட்டு மூலக்கூறு. அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சினால் அதுவும் வளைந்து நிமிர்ந்து அதிரும். அந்த அசைவைச் சொல்ல 'வளைதல்' நமக்குக் கட்டாயம் வேண்டும். அதையே வடிவத்துக்கும் கொடுத்துவிட்டால் படிப்பவர் எதை எதுவென்று பிரிப்பார்?

'கோண வடிவம்' போதாது. கூம்பக வடிவம் கொண்ட அமோனியாவிலும் சுமார் 107 பாகைக் கோணம் இருக்கிறது. 'மடங்கிய' நல்ல சொல்தான், ஆனால் முன்பு நேராக இருந்து பிறகு மடங்கியது போலத் தொனிக்கிறது. 'ட வடிவம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 92 பாகை கொண்ட ஹைட்ரஜன் சல்பைடு அச்சு அசல் ட தான். நீருக்குத்தான் பொருந்தாது.

சரி, என் பரிந்துரை: கவை. கிளை இரண்டாகப் பிரியும் இடம். பிரிவும் தெரிகிறது, பிரியும் புள்ளியும் தெரிகிறது, கோணம் இத்தனை என்ற கட்டாயமும் இல்லை. கவராயத்தின் கால்களைக் கூட்டியும் விரித்தும் பாருங்கள்: நீர், ஓசோன் (117), சல்பர் டைஆக்சைடு (119), நைட்ரஜன் டைஆக்சைடு (134) எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

கவைக்கு அடியில் ஒரு காம்பு உண்டே, மூன்று கை ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். நானும் அங்கேதான் தயங்கினேன். பிறகு பார்த்தால், சல்பர் டைஆக்சைடில் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணை இருப்பது சரியாக அந்தக் காம்பின் இடத்தில்! பிணைப்புகளைத் தள்ளி, மூன்று கைகளும் சமமாக விரிந்தால் வரும் 120 பாகையைச் சற்றே குறைப்பதும் அதுதான். நீரில் அப்படிப்பட்ட இணைகள் இரண்டு. அணுக்களின் தளத்துக்கு மேலும் கீழுமாகப் பின்புறம் நிற்கின்றன. இரு பிணைப்பும் இரு இணையுமாக நான்கும் சமமாக விலகினால் வரும் நான்முகியின் 109.5 பாகை 104.5 ஆகச் சுருங்குவது அவற்றால்தான். கண்ணுக்குத் தெரியாத காம்பு என்று சொல்லியே பாடத்தைத் தொடங்கலாம்.

'கவைவடிவம்', 'கவைவடிவ மூலக்கூறு' என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடுக்கவில்லை. 'பிணைப்புக் கோணம்' அப்படியே இருக்கட்டும். குளோரின் டிரைஃபுளோரைடின் வடிவத்துக்கு T என்ற ரோமன் எழுத்தை நம்பியிருக்கிறோம். அப்புறம் அதையும் எடுத்துக்கொள்வோம்.