கரன்ட் போய் வந்தபின் ரெய்டு 5: ரீசிங்க் முடிந்தால் போதுமா?

பாலாற்றங்கரை:
சத்துவாச்சாரியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். லினக்ஸ் சர்வரில் 4 டிபி டிஸ்க் நான்கு, எம்டி (லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு) ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து டேட்டாவை மீட்கும் அமைப்பு; மேலே இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். எல்லா டேலி டேட்டாவும் அதில்தான். மதியம் கரன்ட் போனதும் யுபிஎஸ் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. இப்போது தானாக ரீசிங்க் (டிஸ்க்குகளை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைக்கும் வேலை) ஓடுகிறது, 12 சதவீதம் முடிந்திருக்கிறது. முடிந்ததும் டேட்டா சரி என்று நம்பலாமா? இடையில் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டம் சோதனை) ஓட்டலாமா?

அகழி:
ரீசிங்க் முடியட்டும், அதுவரை புதிதாக எதையும் எழுத வேண்டாம். அது செய்வது ஒரே வேலை: டேட்டாவைப் படித்து, செத்த டிஸ்க்கை மீட்க உதவும் கூடுதல் எண்ணான பாரிட்டியை மறுபடி கணக்கிட்டு எழுதும். டேட்டா சரியா தப்பா என்பது அதற்குத் தெரியாது.

ஆபத்து எங்கே என்றால், ஒரு ஸ்ட்ரைப்பில் (எல்லா டிஸ்க்கிலும் ஒரே வரிசையில் உள்ள துண்டுகள்) மூன்று டிஸ்க்கில் டேட்டாவாக 5, 9, 4 இருக்கிறது. எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) போட்டால் நான்காவது டிஸ்க்கில் பாரிட்டி 8. ஒன்பதை 1 ஆக்கும்போது டேட்டா விழுந்துவிட்டது, பாரிட்டி விழுவதற்குள் கரன்ட் போய்விட்டது. இந்த நிலையில் மூன்றாவது டிஸ்க் செத்தால் 5, 1, 8 மூன்றையும் வைத்து 12 என்று கட்டித் தரும். அங்கே இருந்தது 4. யாருமே தொடாத ஃபைல் கெடும், எரரும் வராது. இதைத்தான் ரைட் ஹோல் என்பார்கள். நொடிக்கு 150 எம்பி போனாலும் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம் ஆகும். அதற்குள் முக்கியமான கம்பெனி ஃபோல்டர்களை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். நடுவில் ஒரு டிஸ்க் போய், அர்ரே (டிஸ்க் தொகுப்பு) ஸ்டார்ட் ஆக மறுத்தால் ஃபோர்ஸ் (கட்டாயமாக ஸ்டார்ட் செய்யும் ஆப்ஷன்) போடவே போடாதீர்கள்.

ரத்னகிரி:
முடிந்தபின் அன்மவுன்ட் செய்து, முதலில் எதையும் மாற்றாத மைனஸ் என் ஆப்ஷனோடு எஃப்எஸ்சிகே. அப்புறம் சிங்க் ஆக்‌ஷனில் 'செக்' கொடுங்கள்; டேட்டாவும் பாரிட்டியும் ஒத்துப்போகிறதா என்று அது பார்க்கும். இப்போதுதான் பாரிட்டி எழுதியிருப்பதால் மிஸ்மேட்ச் பூஜ்யம் வந்தாக வேண்டும். வராவிட்டால் ராம், கேபிள், டிஸ்க் மூன்றையும் சந்தேகப்படுங்கள். பூஜ்யம் வந்தாலும் பாதியில் நின்ற டேலி என்ட்ரி சரியாகிவிடாது சார். கம்பெனி கம்பெனியாகத் திறந்து கடைசி வவுச்சர்களைப் பாருங்கள். டேலியின் ரீரைட் (டேட்டாவைச் சரிசெய்து மறுபடி எழுதும் வசதி) தேவைப்பட்டால் ஃபோல்டரை நகல் எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

இனி ரைட் ஹோல் வராமலிருக்க பிபிஎல் (பார்ஷியல் பாரிட்டி லாக்: பாரிட்டிக்கான குறிப்பை முன்கூட்டியே எழுதி வைப்பது) போடலாம். லினக்ஸ் 4.12 முதல் இருக்கிறது, ரெய்டு 5-க்கு மட்டும். பிட்மேப்பை (எந்தெந்தப் பகுதியில் எழுதினோம் என்ற குறிப்பு) எடுத்துவிட்டுத்தான் போட முடியும். எழுதும் வேகம் 30-40 சதவீதம் வரை குறையலாம். ஆடிட்டர் ஆபீஸுக்கு அது பெரிய விஷயமில்லை. பிட்மேப் ரீசிங்க்கைச் சுருக்கும், அவ்வளவுதான், ஓட்டையை அடைக்காது.

காட்பாடி ஜங்ஷன்:
டிஸ்க்கின் சொந்த ரைட் கேஷையும் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) ஹெச்டிபார்ம் கமாண்டில் அணைத்துவிடுங்கள். ரீபூட்டில் திரும்ப வந்துவிடும், ஆகவே கான்ஃபிக் ஃபைலில் எழுதுங்கள்.

யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட் 7 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரி என்றால் வெயில்தான் அதற்கு எமன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் ஏசி இல்லாத ரூமில் வைத்தால் மூன்று வருஷம் ஓடாது. மாற்றியபின் யுஎஸ்பி கேபிள் கொடுத்து யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் சாஃப்ட்வேர் போடுங்கள். பேட்டரி இறங்கும்போது சர்வர் தானே ஷட்டவுன் ஆகும். ஒருமுறை நீங்களே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், ஆனால் ரீசிங்க் முடிந்தபிறகு.